ஸ்டோரேஜ் நெட்வொர்க்கில் அரைகுறையாகப் பழுதான இணைப்பைக் கண்டுபிடித்து விலக்குவது எப்படி? முழுமையான வழிகாட்டி

சர்வருக்கும் ஸ்டோரேஜுக்கும் நடுவில் ஒரு கேபிள் அறுந்து போனால் அதிகம் பயப்படத் தேவையில்லை. ஒளி நின்றதும் இரு முனையிலும் உள்ள போர்ட்டுகளுக்குத் தெரிந்துவிடும். சுவிட்ச், சம்பந்தப்பட்ட சர்வர்களுக்கு அறிவிப்பு அனுப்பும். சர்வரில் உள்ள மல்டிபாத் மென்பொருள் சில வினாடிகளில் போக்குவரத்தை இன்னொரு பாதைக்கு மாற்றிவிடும். பயனருக்கு எதுவும் நடந்ததாகவே தெரியாது.

நிர்வாகிகளின் தூக்கத்தைக் கெடுப்பது வேறு வகைப் பழுது. கேபிள் அறவில்லை, போர்ட்டில் பச்சை விளக்கு எரிகிறது, ஆனால் தரவைச் சுமக்கும் சின்னப் பொதிகளான ஃபிரேம்களில் பல லட்சத்துக்கு ஒன்று கெட்டுப்போகிறது. டேட்டாபேஸ் அவ்வப்போது அரை நிமிடம் உறைந்து, பிறகு ஒன்றுமே நடக்காதது போல ஓடுகிறது. டேட்டாபேஸ் குழு ஸ்டோரேஜைக் கைகாட்டும். ஸ்டோரேஜ் குழு தன் கண்ட்ரோலரில் எந்தத் தாமதமும் இல்லை என்று வரைபடத்தைக் காட்டும். இருவர் சொல்வதும் உண்மைதான், ஏனென்றால் கோளாறு இருவருக்கும் நடுவில் இருக்கிறது.

இந்த வழிகாட்டி அந்த இரண்டாம் வகைப் பழுதைப் பற்றியது. ஸ்டோரேஜுக்குப் பயன்படும் ஃபைபர் சேனல் வகை நெட்வொர்க்கையும் லினக்ஸ் சர்வரையும் எடுத்துக்கொள்கிறேன். சுவிட்ச் பக்கத்தில் பெரும்பாலும் ப்ரோகேடு நிறுவனச் சுவிட்சின் கட்டளைகள், தேவையான இடத்தில் சிஸ்கோவின் எம்டிஎஸ் சுவிட்ச்.

மல்டிபாத் ஏன் இதைக் கவனிப்பதில்லை

முதலில் ஒரு சின்னக் கணக்கு. ஃபைபர் சேனலில் ஒரு ஃபிரேம் அதிகபட்சம் 2112 பைட் தரவைச் சுமக்கும். நடைமுறையில் 2048 பைட் என்று வைத்துக்கொண்டால், 1 எம்பி அளவுள்ள ஒரு வாசிப்புக்கு 512 ஃபிரேம்கள். வினாடிக்கு 400 எம்பி ஓடும் பாதையில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட ஃபிரேம்கள். பத்து லட்சத்தில் ஒரு ஃபிரேம் கெடுகிறது என்றால், ஏறக்குறைய 5 வினாடிக்கு ஒருமுறை ஒரு கோரிக்கை அடிபடுகிறது.

இப்போது மல்டிபாத் பாதையைச் சோதிக்கும் விதத்தைப் பாருங்கள். அது அனுப்புவது ‘டெஸ்ட் யூனிட் ரெடி’ என்ற ஸ்கஸி (டிஸ்க்குடன் பேசும் நெறிமுறை) கட்டளை. அதில் தரவே கிடையாது. போக ஒரு சின்ன ஃபிரேம், வர ஒரு சின்ன ஃபிரேம், அவ்வளவுதான். லினக்ஸில் இயல்பாக 5 வினாடிக்கு ஒருமுறை இந்தச் சோதனை நடக்கும். பாதை ஒழுங்காக இருந்தால் இடைவெளி 20 வினாடி வரை நீளும். அதே பத்து லட்சத்தில் ஒன்று என்ற விகிதத்தில், 5 வினாடி இடைவெளியிலேயே கூட, சோதனை ஒருமுறை தோற்க சராசரியாக 29 நாள் ஆகும். வகுப்பில் பெயர் கூப்பிட்டதும் ‘உள்ளேன் ஐயா’ என்று சொல்லிவிட்டு உட்காரும் மாணவனைப் போல, பாதை வருகைப் பதிவில் தேறிவிடுகிறது, பாடம் ஒப்பிக்கச் சொல்லும்போதுதான் திணறுகிறது.

அடுத்து, ஃபிரேம் கெட்டால் என்ன ஆகும் என்று பார்க்க வேண்டும். டிஸ்க் போக்குவரத்துக்குப் பயன்படும் ‘கிளாஸ் 3’ சேவையில், தொலைந்த ஃபிரேமை நெட்வொர்க் மறுபடி அனுப்பாது. வாசிப்பின் நடுவில் ஒரு தரவு ஃபிரேம் தொலைந்தால், வந்து சேர்ந்த அளவு குறைவதை அடாப்டர் (சர்வரில் உள்ள ஃபைபர் சேனல் அட்டை) உடனே கண்டுபிடித்துவிடும். க்யூலாஜிக் நிறுவன அடாப்டரின் டிரைவரில் ‘டிராப்டு ஃபிரேம்ஸ் டிடெக்டெட்’ என்று கெர்னல் பதிவில் வரும் வரி இதுதான். ஆனால் தொலைந்தது கட்டளை ஃபிரேமோ பதில் ஃபிரேமோ என்றால் அதைச் சொல்ல யாரும் இல்லை. ஸ்கஸி காலக்கெடு முடியும் வரை அந்தக் கோரிக்கை காத்துக் கிடக்கும். லினக்ஸில் டிஸ்க்குக்கு அது இயல்பாக 30 வினாடி. பல ஸ்டோரேஜ் நிறுவனங்கள் அதை 60 ஆக்கச் சொல்கின்றன. டேட்டாபேஸ் அரை நிமிடம் உறைவது இதனால்தான்.

இன்னும் ஒன்று. இப்படிக் கெட்ட கோரிக்கையைக் கெர்னலின் ஸ்கஸி அடுக்கு பல வேளை அதே பாதையிலேயே மறுபடி அனுப்பிப் பார்க்கும். இரண்டாம் முறை சரியாகப் போய்விட்டால் மல்டிபாத்துக்குச் செய்தியே எட்டாது. ஆகவே சர்வர் பக்கம் தெரிவது கோளாறின் நிழல் மட்டுமே. கோளாறை நேரில் பார்ப்பது, கெட்ட ஃபிரேமைக் கையில் வாங்கும் போர்ட்தான். தேடலையும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும், விலக்கும் முடிவும் அங்கிருந்துதான் வர வேண்டும். கீழே வரும் படிகள் எல்லாம் இந்த ஒரு எண்ணத்தின் மேல் கட்டியவை.

படி 1: எந்தப் பாதை எதன் வழியாகப் போகிறது என்று எழுதி வையுங்கள்

நல்ல நிலையில் இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை இது. ‘மல்டிபாத்’ கட்டளையை இரட்டை எல் விருப்பத்துடன் ஓட்டினால், ஒவ்வொரு டிஸ்க்குக்கும் உள்ள பாதைகள் வரும். ஒரு வரியில் 3:0:1:12 என்று இருந்தால், முதல் எண் சர்வரின் எந்த அடாப்டர் போர்ட் என்பது, மூன்றாவது எண் ஸ்டோரேஜின் எந்தப் போர்ட் என்பது, கடைசி எண் லன், அதாவது ஸ்டோரேஜ் சர்வருக்குக் கொடுக்கும் டிஸ்க்கின் எண். லினக்ஸின் சிஸ் கோப்பமைப்பில், ‘கிளாஸ்’ என்பதன் கீழ் உள்ள ‘எஃப்சி ஹோஸ்ட்’ அடைவில் அடாப்டர் போர்ட்டின் உலகளாவிய பெயரும், ‘எஃப்சி டிரான்ஸ்போர்ட்’ அடைவில் ஸ்டோரேஜ் போர்ட்டின் பெயரும் கிடைக்கும். சுவிட்சில் அந்தப் பெயர் எந்தப் போர்ட்டில் உள்நுழைந்திருக்கிறது என்று பார்த்தால் முழுப் பாதையும் கையில் வந்துவிடும்.

ஒழுங்கான அமைப்பில் ‘ஏ’, ‘பி’ என்று இரண்டு ஃபேப்ரிக்குகள் (சுவிட்சுகள் சேர்ந்த நெட்வொர்க்குகள்) ஒன்றோடொன்று தொடர்பே இல்லாமல் தனித்தனியாக இருக்கும். ஒவ்வொரு சர்வரின் ஒவ்வொரு லன்னுக்கும் இரண்டு ஃபேப்ரிக்கிலும் பாதை இருக்கிறதா என்று இந்தக் கட்டத்திலேயே சரிபாருங்கள். நான்கு பாதை காட்டுகிறது என்று நிம்மதியாக இருப்பார்கள், நான்கும் ஒரே ஃபேப்ரிக்கில் இருக்கும்.

படி 2: சர்வரில் உள்ள அறிகுறிகள்

முதலில் மல்டிபாத் டீமனின் (பின்னணியில் ஓடும் நிரல்) பதிவைப் பாருங்கள். ஒரு பாதை ‘மார்க் ஆஸ் ஃபெயில்டு’ என்று வந்து, சில வினாடியில் ‘ரீஇன்ஸ்டேட்டட்’ என்று திரும்பி, மறுபடி அதே கதை நடந்தால் அது அரைப் பழுதின் தெளிவான அடையாளம். முழுதாகப் போன பாதை போனது போனபடி கிடக்கும். இப்படி ஊசலாடாது. ஊசலாடும் பாதைகளைப் பட்டியலிட்டு, எது எல்லாவற்றுக்கும் பொது என்று தேடுங்கள். ஒரே சர்வரின் ஒரே அடாப்டர் போர்ட் மட்டும் என்றால் கோளாறு சர்வருக்கும் சுவிட்சுக்கும் நடுவில். பல சர்வர்களில் ஒரே ஸ்டோரேஜ் போர்ட் என்றால் அந்தப் பக்கம். பல சர்வர், பல ஸ்டோரேஜ் போர்ட், ஆனால் ஒரே ஃபேப்ரிக் என்றால் சுவிட்சுகளை இணைக்கும் ஐஎஸ்எல் இணைப்பைச் சந்தேகப்படுங்கள்.

அடுத்து, எஃப்சி ஹோஸ்ட் அடைவுக்குள் ‘ஸ்டாடிஸ்டிக்ஸ்’ என்ற அடைவு இருக்கும். அதில் சிஆர்சி (ஃபிரேம் கெடாமல் வந்ததா என்று பார்க்கும் சரிபார்ப்பு எண்) பிழை, தவறான டிரான்ஸ்மிஷன் சொல், ஒத்திசைவு இழப்பு, ஒளி இழப்பு ஆகியவற்றின் எண்ணிக்கைகள் உண்டு. இவை பதினாறடிமான எண்கள். 0எக்ஸ்2ஏ என்றால் 42. எல்லா இலக்கமும் எஃப் ஆக இருந்தால் அந்த டிரைவர் அதை எண்ணுவதில்லை என்று பொருள், பேரிடர் என்று எண்ணிப் பதற வேண்டாம். இந்த எண்கள் சர்வரை நோக்கி வரும் ஃபிரேம்களை மட்டுமே சொல்லும். சர்வரிலிருந்து போகும் திசை கெட்டிருந்தால் இங்கே எல்லாம் பூஜ்யமாக இருக்கும், சுவிட்சில்தான் தெரியும். ஒரு கேபிளில் இரண்டு இழைகள், ஒவ்வொன்றும் ஒரு திசைக்கு. ஒன்று மட்டும் கெடுவதுதான் வழக்கம்.

படி 3: சுவிட்சின் எண்ணிகள் (கவுண்டர்கள்)

ப்ரோகேடில் ‘போர்ட்எர்ஷோ’ என்ற ஒரே கட்டளை எல்லாப் போர்ட்டுகளின் பிழைகளையும் ஒரு அட்டவணையில் காட்டும். சிஸ்கோவில் ‘ஷோ இன்டர்ஃபேஸ்’ கட்டளையுடன் ‘கவுண்டர்ஸ்’ சேர்க்க வேண்டும். அட்டவணையைப் பார்த்த உடனே முடிவு கட்டாதீர்கள். அதில் இருப்பது மூன்று வருடத்துக்கு முன்பு யாரோ கேபிளைப் பிடுங்கிச் செருகியபோது சேர்ந்ததாக இருக்கலாம். எண்ணிகளை ஒரு கோப்பில் சேமித்துக்கொண்டு, பிறகு அழித்து பூஜ்யமாக்குங்கள். ஒரு மணி நேரம் கழித்தும், ஒரு நாள் கழித்தும் மறுபடி எடுங்கள். இப்போது வளர்வதுதான் கோளாறு. அழிக்கும் நேரத்தைக் குறித்து வையுங்கள், இல்லையென்றால் ஒப்பிடவே முடியாது.

எவ்வளவு பிழை வரை பொறுக்கலாம்? தரநிலை அனுமதிப்பது 1 லட்சம் கோடி பிட்டுக்கு ஒரு பிழை. 8 ஜிகாபிட் இணைப்பில் அது ஏறக்குறைய 2 நிமிடத்துக்கு ஒன்று, 16 ஜிகாபிட்டில் 71 வினாடிக்கு ஒன்று. அது உச்ச வரம்பு மட்டுமே. சுத்தமான கேபிளும் நல்ல எஸ்எஃப்பியும் (போர்ட்டில் செருகும், ஒளியை அனுப்பி வாங்கும் கருவி) இருந்தால் நாள் முழுக்க சிஆர்சி பிழை பூஜ்யமாக இருப்பதுதான் இயல்பு. ஆகவே என் அளவுகோல் கடுமையானது: சிஆர்சி ஒரு நாளில் பூஜ்யத்தைத் தாண்டி வளர்ந்தால் அந்த இணைப்பைப் பார்த்தே ஆக வேண்டும்.

இனி எந்த எண்ணி எதைச் சொல்கிறது என்பது. இதில் மிகப் பயனுள்ளது, பலரும் கண்ணை ஓட்டிக் கடந்துவிடும் ‘சிஆர்சி ஜி-ஈஓஎஃப்’ என்ற பத்தி. ப்ரோகேடு சுவிட்ச் ஒரு ஃபிரேம் முழுதாக வந்து சேரும் முன்பே அதை அடுத்த பக்கம் அனுப்பத் தொடங்கிவிடும். கடைசியில் சிஆர்சி தவறு என்று தெரியவரும்போது, ஃபிரேமின் முடிவுக் குறியை ‘இது செல்லாது’ என்று மாற்றி அனுப்பும். அடுத்த சுவிட்சும் அதைச் சிஆர்சி பிழையாக எண்ணும். இதனால் ஒரே கெட்ட கேபிள் நாலைந்து போர்ட்டுகளில் பிழையாகத் தெரியும். ஆனால் முடிவுக் குறி நல்லதாகவே இருந்து சிஆர்சி மட்டும் தவறாக இருந்தால், அந்த ஃபிரேம் இதற்கு முன் எந்தச் சுவிட்ச் கையிலும் கெடவில்லை, இந்தப் போர்ட்டில் செருகிய இணைப்பில்தான் கெட்டது என்று அர்த்தம். ஜி-ஈஓஎஃப் எண்ணி வளரும் போர்ட்தான் நீங்கள் தேடும் இடம். மற்றவை அதன் எதிரொலி. சிஸ்கோ எம்டிஎஸ் சுவிட்ச் ஃபிரேமை முழுதாக வாங்கிச் சரிபார்த்த பிறகே அனுப்பும், கெட்டதை உள்நுழையும் போர்ட்டிலேயே கைவிடும். அங்கே பிழை காட்டும் போர்ட்டே கோளாறுள்ள இணைப்பின் முனை.

‘என்க் இன்’ என்பது ஃபிரேமுக்குள் நடந்த குறியீட்டுப் பிழை, ‘என்க் அவுட்’ என்பது ஃபிரேம்களுக்கு நடுவில் நடந்தது. என்க் அவுட் மட்டும் வளர்ந்தால் கேபிள், சிஆர்சியும் சேர்ந்து வளர்ந்தால் எஸ்எஃப்பி என்று ஒரு கைவிதி ஊழியர்களிடையே உலவுகிறது. எனக்கு அதில் நம்பிக்கை குறைவு, அடுத்த படியில் வரும் ஒளி அளவுதான் நம்பகமான சாட்சி. 16 ஜிகாபிட்டில் குறியீட்டு முறையே மாறிவிட்டதால் அங்கே ‘பிசிஎஸ் எர்’ பத்தியைப் பாருங்கள். 32 ஜிகாபிட்டில் பிழை திருத்தம் கட்டாயம். திருத்தப்பட்ட பிழைகள் கொஞ்சம் இருப்பது இயற்கை. திருத்த முடியாதவை என்ற எண்ணி வளரக் கூடாது.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. ‘டிஸ்க் சி3’ (கைவிடப்பட்ட கிளாஸ் 3 ஃபிரேம்கள்), ‘சி3 டைம்அவுட்’ பத்திகள் வளர்ந்தால் கேபிளைத் தொடாதீர்கள். ஃபைபர் சேனலில், எதிர்முனை ‘இடம் இருக்கிறது’ என்று கிரெடிட் கொடுத்தால்தான் ஃபிரேமை அனுப்ப முடியும். ஏதோ ஒரு சர்வர் மெதுவாக வாங்குகிறது என்றால் கிரெடிட் திரும்பி வராது, ஃபிரேம்கள் சுவிட்சில் தேங்கும், குறித்த நேரம் தாண்டினால் சுவிட்ச் அவற்றை எறிந்துவிடும். இது நெரிசல், பழுது அல்ல. பாதையை மாற்றினால் நெரிசல் நல்ல ஃபேப்ரிக்குக்கும் குடிபோகும், இரண்டு பக்கமும் படுக்கும். அங்கே செய்ய வேண்டியது அந்த மெதுவான சர்வரைக் கண்டுபிடிப்பது. கிரெடிட் இல்லாமல் போர்ட் காத்திருந்த நேரத்தை ப்ரோகேடும் சிஸ்கோவும் 2.5 மைக்ரோவினாடி அலகுகளில் எண்ணி வைக்கின்றன. எந்தப் போர்ட்டில் அது வேகமாக வளர்கிறதோ, அதன் மறுமுனையில் இருப்பவரே காரணம்.

இரண்டும் கலந்த நிலையும் உண்டு, அதுதான் மிகவும் குழப்பும். கிரெடிட்டைத் திருப்பித் தரும் ‘ஆர்-ரெடி’ சைகையும் அதே கேபிளில்தான் வருகிறது. கெட்ட இணைப்பில் அந்தச் சைகைகள் ஒவ்வொன்றாகத் தொலைந்தால், கிரெடிட் மெல்ல மெல்லக் கரைந்து கடைசியில் பூஜ்யமாகும். கடைசியில் இணைப்பு மீளமைக்கப்பட்டு, சில நாள் நன்றாக ஓடி, மறுபடி மெதுவாகும். சி3 எண்ணியுடன் குறியீட்டுப் பிழையும் அதே போர்ட்டில் வளர்ந்தால் இதை நினைவில் கொள்ளுங்கள். அப்போது மட்டும் கேபிள்தான் குற்றவாளி.

படி 4: ஒளியை அளந்து பாருங்கள்

ப்ரோகேடில் ‘எஸ்எஃப்பிஷோ’, சிஸ்கோவில் ‘ஷோ இன்டர்ஃபேஸ் டிரான்ஸீவர் டீடெய்ல்ஸ்’. அனுப்பும் ஒளியும் வாங்கும் ஒளியும் டிபிஎம் அலகில் வரும். 0 டிபிஎம் என்பது 1 மில்லிவாட். 3 டிபி குறைந்தால் ஒளி பாதியாகிறது, 10 டிபி குறைந்தால் பத்தில் ஒரு பங்கு. பொதுவாக -2, -3 என்று இருந்தால் ஆரோக்கியம். -8க்குக் கீழே போனால் பார்க்க வேண்டும். துல்லியமான எல்லைகளை ஒவ்வொரு எஸ்எஃப்பியும் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது, சிஸ்கோ அவற்றையும் பக்கத்திலேயே காட்டும்.

இரண்டு முனைகளையும் ஒப்பிடுவதுதான் சூட்சுமம். இந்த முனை அனுப்புவது -2.5, அந்த முனை வாங்குவது -3 என்றால் அந்த இழை நன்றாக இருக்கிறது. வாங்குவது -9 என்றால் நடுவில் 6.5 டிபி தொலைந்துவிட்டது. 16 ஜிகாபிட்டில் ஓஎம்4 வகை மல்டிமோடு கேபிளுக்கு மொத்தமாக 2 டிபிக்கும் குறைவான இழப்பே அனுமதி. ஆகவே கேபிள், பேட்ச் பேனல், அல்லது இணைப்பி முனையில் அழுக்கு. அனுப்பும் அளவே -8 என்றால் அந்த எஸ்எஃப்பி வயதாகிவிட்டது.

அழுக்கை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மல்டிமோடு இழையின் நடுத்தண்டு 50 மைக்ரான்தான். விரல் பட்ட எண்ணெயோ ஒரு தூசியோ பாதி ஒளியைத் தின்றுவிடும். பழுதான இணைப்பு என்று வருவதில் நிறைய, சுத்தம் செய்ததும் சரியாகிவிடுபவை. எல்சி வகை இணைப்பி முனையைச் சுத்தம் செய்யும் கிளிக் பேனா ஒன்று ஒவ்வொரு டேட்டா சென்டரிலும் ரேக்குக்குப் பக்கத்திலேயே தொங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. புது கேபிளையும் செருகும் முன் சுத்தம் செய்யுங்கள்.

வேகம் ஏற்றியபோது தொடங்கிய கோளாறு என்றால் தூரத்தைப் பாருங்கள். ஓஎம்3 கேபிள் 8 ஜிகாபிட்டில் 150 மீட்டர் வரை தாங்கும். 16இல் 100, 32இல் 70 மீட்டர்தான். பல வருடம் குறையில்லாமல் ஓடிய கேபிள், சுவிட்சை மாற்றிய மறுநாள் பிழை காட்டுவது இதனால்தான். தற்காலிக மருந்தாகப் போர்ட்டின் வேகத்தைக் கைமுறையாக ஒரு படி குறைத்துப் பாருங்கள், பிழை நின்றால் காரணம் உறுதி.

படி 5: முதலில் விலக்குங்கள், பிறகு பழுது பாருங்கள்

கோளாறுள்ள இணைப்பு எது என்று தெரிந்த பின்பும், கேபிள் மாற்ற அனுமதி வரும் வரை அதை அப்படியே ஓடவிடுவது பெரும் தவறு. பாதியாக வேலை செய்யும் பாதையைவிட இல்லாத பாதை எவ்வளவோ மேல். ஆனால் விலக்கும் முன் மூன்றைச் சரிபார்க்க வேண்டும்.

அந்தப் போர்ட்டை யார் யார் பயன்படுத்துகிறார்கள்? சர்வர் பக்கப் போர்ட் என்றால் ஒரு சர்வர். ஸ்டோரேஜ் பக்கம் என்றால் பல பத்து சர்வர்கள் இருக்கலாம். அவர்கள் ஒவ்வொருவருக்கும் மற்ற ஃபேப்ரிக்கில் ‘ஆக்டிவ் ரெடி’ நிலையில் பாதை இருக்கிறதா? மீதமுள்ள பாதைகள் ஸ்டோரேஜின் உகந்த கண்ட்ரோலருக்குப் போகின்றனவா, இல்லை சுற்றிப் போகும் இரண்டாம் தரப் பாதைகளா? ஒரே ஒரு சர்வர் இதில் தவறினாலும் போர்ட்டை அணைத்த நொடியில் அது தன் டிஸ்க்கை இழக்கும். விஎம்வேர் சர்வர்களையும் மறக்காதீர்கள், லினக்ஸைப் பார்த்துவிட்டு அவற்றை விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது.

சரி, இப்போது விலக்கலாம். மல்டிபாத் டீமனுக்கு ‘ஃபெயில் பாத்’ என்று கட்டளை கொடுத்தால் போதும் என்று நினைப்பார்கள். அடுத்த சோதனையில் பாதை ‘உள்ளேன்’ என்று சொல்லி உள்ளே வந்துவிடும். நிலைத்து நிற்கும் வழி சுவிட்சில் போர்ட்டை அணைப்பதே. ப்ரோகேடில் சாதாரண ‘போர்ட் டிசேபிள்’ சுவிட்ச் மறுதொடக்கம் ஆனால் மறைந்துவிடும், ‘பெர்சிஸ்டன்ட் டிசேபிள்’ என்பதைப் பயன்படுத்துங்கள். சிஸ்கோவில் ‘ஷட்டவுன்’ கொடுத்து உள்ளமைவைச் சேமியுங்கள். அணைத்ததும் ஃபேப்ரிக் அறிவிப்பு அனுப்பும். லினக்ஸில் ‘ஃபாஸ்ட் ஐஓ ஃபெயில்’ காலக்கெடு மல்டிபாத்தால் இயல்பாக 5 வினாடியாக வைக்கப்படும், அதற்குள் நிலுவையில் இருந்த கோரிக்கைகள் மற்ற பாதைக்குத் திரும்பிவிடும். அரைப் பழுதை முழுப் பழுதாக மாற்றுகிறீர்கள். முழுப் பழுதைச் சமாளிக்க எல்லாருக்கும் தெரியும்.

ஐஎஸ்எல் இணைப்பு என்றால் கூடுதல் கவனம். சுவிட்சுகள் எஃப்எஸ்பிஎஃப் என்ற நெறிமுறையால் தமக்குள் குறுகிய வழியைத் தேர்கின்றன. அது இணைப்பு உயிரோடு இருக்கிறதா, வேகம் என்ன என்று மட்டுமே பார்க்கும். பிழை விகிதம் அதன் கணக்கில் இல்லை. ஆகவே கெட்ட ஐஎஸ்எல் வழியாகத் தொடர்ந்து போக்குவரத்து ஓடும், அந்த வழியைப் பயன்படுத்தும் எல்லாச் சர்வரும் அடிபடும். டிரங்க் அல்லது போர்ட் சேனலில் பல இணைப்புகள் இருந்தால் கெட்ட உறுப்பினரை மட்டும் எடுங்கள். ப்ரோகேடில் ‘போர்ட் டீகமிஷன்’ முதலில் போக்குவரத்தை வடித்துவிட்டுப் பிறகு அணைக்கும், ஃபிரேம் எதுவும் தொலையாது. ஒரே ஐஎஸ்எல்தான் இருக்கிறது என்றால் அதை அணைத்தால் ஃபேப்ரிக் இரண்டாகப் பிளக்கும். அப்போது சர்வர்கள் அனைத்தையும் மற்ற ஃபேப்ரிக்குக்கு நகர்த்திய பிறகே கை வைக்கலாம்.

படி 6: பழுது நீக்கம்

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். முதலில் இரு முனையும் சுத்தம். அப்புறம் கேபிள். அப்புறம் சுவிட்ச் பக்க எஸ்எஃப்பி, கடைசியில் அடாப்டர். எல்லாவற்றையும் ஒரே வீச்சில் மாற்றினால் கோளாறு தீரலாம், ஆனால் கெட்டது எது என்று தெரியாமல் நல்ல எஸ்எஃப்பிகளுடன் கெட்டதும் உதிரிப் பெட்டிக்குப் போய், இன்னொரு நாள் இன்னொரு போர்ட்டில் முளைக்கும்.

போர்ட் அணைந்திருக்கும்போதே சோதிக்க ப்ரோகேடில் ‘டி-போர்ட்’ என்ற முறை உண்டு. மின் சுழற்சி, ஒளிச் சுழற்சி, தூரம் ஆகியவற்றை உண்மையான போக்குவரத்து இல்லாமல் சோதித்துத் தரும். எதிர்முனை அடாப்டரும் அதை ஆதரிக்க வேண்டும். இருந்தால் விடாதீர்கள்.

படி 7: அடுத்த முறை தானாகவே விலகச் செய்வது

லினக்ஸ் மல்டிபாத்தில் ஊசலாடும் பாதையைத் தடுக்க இரண்டு முறைகள் இருக்கின்றன, ஒன்றை மட்டும்தான் பயன்படுத்த வேண்டும். ‘மார்ஜினல் பாத்’ தொகுதி: குறித்த நேரத்துக்குள் இரண்டு முறை தோற்ற பாதையைத் தனியே எடுத்து, வினாடிக்கு 10 வாசிப்பு வீதம் சோதித்து, ஆயிரத்துக்கு இத்தனை பிழை என்ற வரம்பைத் தாண்டினால் ஒதுக்கி வைக்கும். தொடங்க நல்ல மதிப்புகள்: இரட்டைத் தோல்விக்கு 60 வினாடி, சோதனைக்கு 120 வினாடி, மறுசோதனைக்கு 300 வினாடி. கணக்குப் போட்டுப் பாருங்கள், 120 வினாடியில் 1200 சின்ன வாசிப்புகள். மேலே சொன்ன பத்து லட்சத்தில் ஒன்று வகைப் பழுது இதில் சிக்காது. மோசமான இணைப்புதான் சிக்கும். ‘சான் பாத் எர்’ தொகுதி வேறு மாதிரி, ஒரு பாதை எத்தனை முறை தோற்றது என்று எண்ணி, வரம்பு தாண்டினால் குறித்த காலத்துக்குத் திரும்ப விடாது. அபூர்வமாக வந்துபோகும் கோளாறுக்கு இதுவே பொருத்தம் என்பது என் கணிப்பு.

இரண்டுமே நிழலை வைத்துத்தான் முடிவெடுக்கின்றன. உண்மையான தீர்வு எஃப்பின் என்று சொல்லப்படும் அறிவிப்பு. சுவிட்ச் தான் கண்ட பிழையை, பதிவு செய்துகொண்ட சர்வர்களுக்கும் ஸ்டோரேஜுக்கும் நேரடியாகச் சொல்லும் ஏற்பாடு அது. இணைப்பின் நலம், ஃபிரேம் கைவிடப்பட்டது, நெரிசல், எதிர்முனை நெரிசல் என்று நான்கு வகை. ப்ரோகேடில் ஃபேப்ரிக் ஓஎஸ் 9 முதல் இது உண்டு. லினக்ஸ் பக்கம் மல்டிபாத் 0.9 முதல் ‘மார்ஜினல் பாத்குரூப்ஸ்’ என்ற அமைப்புக்கு ‘எஃப்பின்’ என்று மதிப்புக் கொடுக்கலாம். அறிவிப்பு வந்ததும் அந்தப் பாதை ஓரமாக ஒரு தனிக் குழுவில் வைக்கப்படும், மற்ற எல்லாம் போனால் மட்டுமே பயன்படும். அடாப்டர், டிரைவர், சுவிட்ச் மூன்றும் ஆதரித்தால் இன்றே இதற்கு மாறுங்கள்.

எஃப்பின் இல்லாத இடத்தில் சுவிட்சின் காவல்: ப்ரோகேடில் மேப்ஸ், சிஸ்கோவில் போர்ட் மானிட்டர். பிழை வரம்பு தாண்டினால் போர்ட்டைத் தானாக அணைக்கச் சொல்லலாம். இந்த வசதியைச் சர்வர் பக்கப் போர்ட்டுகளுக்கு மட்டும் இயக்குங்கள். ஸ்டோரேஜ் போர்ட்டுக்கும் ஐஎஸ்எல்லுக்கும் எச்சரிக்கை மின்னஞ்சல் மட்டும் போதும். அங்கே அணைக்கும் முடிவை, மற்ற ஃபேப்ரிக்கின் நிலையைப் பார்த்துவிட்டு மனிதர் எடுக்க வேண்டும்.

படி 8: திரும்பச் சேர்ப்பது

எண்ணிகளை அழித்துவிட்டுப் போர்ட்டைத் திறங்கள், ஆனால் முதலில் ஒரே ஒரு சர்வரின் முக்கியமில்லாத லன் ஒன்றில் நேரடிப் பெரிய வாசிப்புகளை, மல்டிபாத் டிஸ்க்கை விட்டு அந்தப் பாதையின் எஸ்டி சாதனம் (லினக்ஸ் ஒவ்வொரு பாதைக்கும் தனியாகக் காட்டும் டிஸ்க்) வழியாகவே ஓட்டுங்கள். வாசிப்பு மட்டும், எழுதக் கூடாது. சர்வரை நோக்கி வரும் திசையை அது நன்றாகச் சோதிக்கும். போகும் திசைக்குச் சோதனைக்கென்றே ஒதுக்கிய லன்னில் எழுதிப் பார்க்க வேண்டும். இரண்டு மணி நேரம் ஓடிய பிறகு இரு முனையின் சிஆர்சியும் பூஜ்யமாகவே இருந்து, ஒளி அளவுகளும் பக்கத்துப் போர்ட்டுகளை ஒத்திருந்தால் மற்றவர்களை விடலாம். மறுநாள் காலையில் எண்ணிகளை ஒருமுறை பார்த்துவிட்டு, புது கேபிள், எஸ்எஃப்பி விவரங்களைப் படி 1இல் எழுதி வைத்த பட்டியலில் திருத்துங்கள்.